தோரு தத் வாழ்க்கையும் கடிதங்களும்: 640 ரூபாய் மறுபதிப்பு வாங்கலாமா?

அச்சு சுமார். பைண்டிங் மோசம். ஒரு தாள் இல்லவே இல்லை. அப்படி இருந்தும், இந்த ஆண்டு நான் காசு கொடுத்து வாங்கிய பொருட்களில் என் கையோடு அதிக நாள் இருந்தது இந்தப் புத்தகம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹரிஹர் தாஸ் எழுதி 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி பிரஸ் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எழுதிய வங்காளக் கவிஞர் தோரு தத்தைப் பற்றியது. அவளுடைய கடிதங்களையும் சேர்த்து 350 பக்கங்களுக்கு மேல் வரும். காப்புரிமைக் காலம் முடிந்துபோன பழைய நூல்களை ஸ்கேன் எடுத்து, ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் நிறுவனங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றில் வாங்கினேன். 640 ரூபாய், கூரியர் தனி. ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது.

ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். நம் பிளஸ் டூ ஆங்கிலப் பாடத்தில் தோருவின் சவுக்கு மரக் கவிதை இருக்கிறது. எங்கள் ஊரில் சவுக்கைத் தெரியாத பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியெல்லாம் சவுக்குத் தோப்புதான். ஆனால் எங்கள் சவுக்கு, நட்டு நாலைந்து வருஷத்தில் வெட்டி விற்கும் பயிர். சாரம் கட்டக் கழி, அடுப்புக்கு மிளார், மிச்சம் காகித ஆலைக்கு. ஒரு சவுக்கு மரம் கிழடாகிப் பெருத்து நிற்பதை என் மாணவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. கவிதையிலோ, மலைப்பாம்பு சுற்றினாற்போல் ஒரு கொடி அடிமரத்தை இறுக்கிச் சுற்றி ஏறுகிறது, உச்சிக் கிளையில் மந்தி உட்கார்ந்து சூரியன் வருவதைப் பார்க்கிறது, அதன் குட்டிகள் கீழ்க்கிளைகளில் தாவுகின்றன. "எங்க தோப்புல காக்காகூட கூடு கட்டாது டீச்சர், அதுக்குள்ள வெட்டிடுவாங்க" என்றான் ஒரு பையன்.

அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை எழுந்தாள். ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கவிதை எழுதி, யாராவது வந்தால் கையால் மறைத்துக்கொள்ளும் பிள்ளை. "இவங்க முதல்முதலா எழுதினது பத்திரிகையில வந்தப்போ என்ன வயசு டீச்சர்? யார் கிட்டக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 21 வயதில் இறந்தாள் என்பதைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். என்ன வயதில் தொடங்கினாள் என்று நான் தேடியதே இல்லை. அன்று மாலை ஆர்டர் போட்டதுதான் இந்தப் புத்தகம்.

முதலில் பொருளைப் பற்றி. மேலட்டை வழவழவென்று இருக்கிறது, அதில் நூலுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஐரோப்பியத் தோட்டப் படம். உள்ளே மூல நூலின் பக்கங்களை அப்படியே ஸ்கேன் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு நன்மை இருக்கிறது. கணினியே எழுத்தைப் படித்து மறுபடி அடுக்கிய மறுபதிப்புகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன், பிரெஞ்சு வார்த்தைகள் எல்லாம் குதறிப்போயிருக்கும். இதில் அது இல்லை, தோரு மேற்கோள் காட்டும் பிரெஞ்சு வரிகள் சரியாக இருக்கின்றன. ஆனால் சில பக்கங்கள் சாய்ந்திருக்கின்றன. சிலவற்றில் பழைய நூலகத்தின் முத்திரை வரிகளின் மேலேயே விழுந்திருக்கிறது. அக்கா அருவும் தோருவும் சேர்ந்திருக்கும் புகைப்படம் வெறும் கறுப்புத் திட்டு. முகம் எது, தலைமுடி எது என்று தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வகுப்பில் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

183, 184-ஆம் பக்கங்கள் இல்லை. ஒரு கடிதத்தின் நடுவே சட்டென்று அறுந்து, வேறொரு கடிதத்தின் நடுவில் போய் விழுகிறது. மின்னஞ்சல் இரண்டு முறை அனுப்பினேன், பதில் இல்லை. இரண்டாவது வாரத்திலேயே முதுகுப் பசை விட்டது. எங்கள் ஊர் உப்புக்காற்றைக் குறை சொல்லலாம்தான், ஆனால் அதே அலமாரியில் இருபது வருஷப் புத்தகங்கள் சும்மாதான் இருக்கின்றன. கடைசியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்து அந்த இரண்டு பக்கங்களை மட்டும் இறக்கி, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஒட்டிக்கொண்டேன். முழு நூலும் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவும்.

இனி உள்ளே இருப்பது.

தோரு 1856 மார்ச் 4-ஆம் தேதி கல்கத்தாவின் ராம்பாகானில் பிறந்தாள். வசதியான, படித்த தத் குடும்பம். அப்பா கோவிந்த சந்திர தத் தாமே ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். அவரும் சகோதரர்களும் உறவினரும் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பையே 1870-ல் லண்டனில் வெளியிட்டிருக்கிறார்கள். பொருளாதார வரலாறு எழுதிய ரமேஷ் சந்திர தத் இவளுக்கு நெருங்கிய உறவு. 1862-ல் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியது. மூன்று பிள்ளைகள்: மூத்தவன் அப்ஜு, அடுத்து அரு, கடைசி தோரு. அப்ஜு 1865-ல், பதினான்கு வயதில் போய்விட்டான்.

அவள் பெயரை வங்காளியில் எழுதினால் 'தரு'. நம் கற்பகத்தருவில் வருகிற அதே தரு. மரம் என்ற பெயருள்ள பெண் எழுதிய மரக்கவிதையைத்தான் பத்து வருஷமாக நடத்தியிருக்கிறேன். இத்தனை நாள் இது என் கண்ணில் படவில்லை என்பதை நம்பவே முடியவில்லை.

1869 கடைசியில் அப்பா, அம்மா, இரண்டு பெண்கள் எல்லாரும் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்கள். வங்காளப் பெண்கள் கடல் தாண்டுவது அநேகமாகக் கேள்விப்படாத காலம். பிரான்சின் தெற்கில் நீஸ் நகரத்தில் சில மாதங்கள் ஒரு பள்ளியில் தங்கிப் படித்தார்கள். தோரு வாழ்நாளில் போன பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். பிறகு பாரிஸ், லண்டன். 1871-லிருந்து கேம்பிரிட்ஜ். அங்கே பெண்களுக்கென்று நடந்த உயர் விரிவுரைகளைக் கேட்கப் போனார்கள். அங்கேதான் மேரி மார்ட்டின் என்ற பெண்ணோடு தோருவுக்குச் சிநேகம். 1873 செப்டம்பரில் குடும்பம் கல்கத்தா திரும்பியது. அதிலிருந்து நாலு வருஷம் தோரு மேரிக்கு எழுதிய கடிதங்கள்தான் இந்த நூலின் உயிர்.

வரலாற்றுப் பகுதியை நிதானமாகப் படிக்க முடியாதவர்கள் நேராகக் கடிதங்களுக்குப் போய்விடலாம். குற்றமில்லை. ஹரிஹர் தாஸ் பக்தியோடு எழுதுகிறார். தோருவின் பணிவு, தோருவின் பொறுமை, தோருவின் இறைநம்பிக்கை என்று அடுக்கிக்கொண்டே போகும்போது அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜையறைப் படமாக ஆகிவிடுகிறாள். கவிதைகளை அலசும் இடங்களில் நீண்ட மேற்கோள் கொடுத்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும். தோரு இறந்து இத்தனை காலம் கழித்து, மேரி மார்ட்டின் பத்திரமாக வைத்திருந்த கடிதங்கள் அவரால்தான் அச்சேறின. அவர் முயற்சி எடுத்திருக்காவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது கவிதைகளும் ஒரு சோகக் கதையும் மட்டும்தான்.

கடிதங்களில் இருப்பவள் வேறு ஆள். பாக்மாரியில் இருந்த குடும்பத்துத் தோட்ட வீட்டில் பூனைகள், ஜெனெட், ழான்டீ என்று பிரெஞ்சுப் பெயர் வைத்த இரண்டு குதிரைகள், மழை, இருமல், என்ன புத்தகம் வந்தது, அதில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கொட்டிக்கொண்டே போகிறாள். ஒரு கடிதத்தில் தன் நாட்டு மக்களை 'நேட்டிவ்ஸ்' என்று எழுதிவிடுகிறாள். அது சரியா என்று மேரி கேட்டிருக்கிறாள். அந்த ஆங்கிலேயப் பெண்தான் கண்டித்திருக்கிறாள். தோரு அதைச் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்கிறாள்: நீ கண்டித்தது நியாயம், திருத்திக்கொள்கிறேன், இனி அந்த வார்த்தையைப் பயன்படுத்த மாட்டேன், இங்கே வெறுப்பு மனதோடு வாழும் ஆங்கிலேயர்கள் சொல்வது அது. தன் பிழையை ஒருத்தி இவ்வளவு நேராக எழுதியதைப் படித்தபோது பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டுவைத்தேன்.

இன்னோர் இடத்தில், ஐரோப்பாவின் சுதந்திரமான காற்று இங்கே இல்லை, தோட்டத்தைத் தாண்டி வெளியே காலெடுத்து வைத்தால் எல்லாரும் முறைத்துப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் வெயில் அடித்துப் போடுகிறது என்கிறாள். கேம்பிரிட்ஜ் தெருக்களில் நடந்து விரிவுரைக்குப் போன பெண்ணுக்குச் சொந்த ஊரில் தெரு இல்லை. என் வகுப்பில் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பெண்பிள்ளைகள் வரிசையில் ஒருத்திகூட 'ஏன்' என்று கேட்கவில்லை. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, அந்த மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்த நூலை வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த முழுப் பலன் இங்கேதான்.

1874 ஜூலையில் அரு காசநோயில் இறந்தாள், இருபது வயது. தோருவுக்கு அப்போது பதினெட்டு. அதே ஆண்டு டிசம்பரில் 'பெங்கால் மேகசின்' என்ற கல்கத்தா இதழில் தோருவின் முதல் கட்டுரை வந்தது. லால் பிஹாரி டே நடத்திய இதழ் அது. லெகோன்ட் த லீல் என்ற பிரெஞ்சுக் கவிஞரைப் பற்றி, அவருடைய சில கவிதைகளை மொழிபெயர்த்துக் கொடுத்து எழுதிய கட்டுரை. அடுத்து ழோசெஃபின் சூலாரி என்ற இன்னொரு பிரெஞ்சுக் கவிஞரைப் பற்றி. முதலில் விமர்சனமும் மொழிபெயர்ப்பும்தான், சொந்தக் கவிதை அப்புறம்தான் வருகிறது. இந்த வரிசையை என் மாணவியிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. எழுத்தாளர் என்றால் எடுத்த எடுப்பிலேயே தன் சொந்தத்தைக் கொட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாளாம். மற்றவர்கள் எழுதியதைப் பிரித்துப் பார்த்து, இன்னொரு மொழியில் தைத்துப் பார்த்துக் கை பழகிய பெண் தோரு.

1876 மார்ச்சில் முதல் நூல் வந்தது. பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைக் குனிந்து பொறுக்கிக் கட்டுவார்களே, அதேதான். எங்கள் ஊர் நெல் வயல்களில் சிறுவயதில் நானும் பொறுக்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு பெயரைத் தன் நூலுக்கு வைத்திருக்கிறாள். பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கவிதைகள். அவற்றில் எட்டு அருவுடையவை. அச்சிட்டது பவானிபூரில் இருந்த சப்தாஹிக் சம்பாத் அச்சகம். முன்னுரை கிடையாது, அறிமுகம் கிடையாது. இறுதியில் ஒவ்வொரு பிரெஞ்சுக் கவிஞரைப் பற்றியும் அவள் எழுதிய குறிப்புகள் உண்டு. தயங்காத குறிப்புகள். யார் பெரியவர், யார் பரவாயில்லை என்று கட் அண்ட் ரைட்டாகச் சொல்கிறாள். நூல் வந்த அதே மாதம்தான் அவளுக்கு இருபது வயது முடிந்தது. அப்படியானால் அந்த மொழிபெயர்ப்பு உழைப்பு அத்தனையும் பதின்வயதில் செய்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் 'எக்ஸாமினர்' வார இதழின் அலுவலகத்தில், மதிப்புரைக்கு உருப்படியான நூல் ஒன்றும் வரவில்லை என்று ஆசிரியர் மின்டோ புலம்பிக்கொண்டிருக்கிறார். எட்மண்ட் காஸ் என்ற இளம் விமர்சகர் அங்கே இருக்கிறார். அப்போது தபால்காரர் இந்திய முத்திரை குத்திய ஒல்லியான பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பார்த்தால் அழுக்கான, பரிதாபமான ஒரு சின்னப் புத்தகம். குப்பைக்கூடைக்குப் போக வேண்டியதுதான் என்று காஸுக்குத் தோன்றுகிறது. மின்டோ அதை அவர் கையில் திணிக்கிறார். காஸ் பிரிக்கிறார், விக்டர் ஹ்யூகோவின் காலைப் பாட்டு ஒன்றின் மொழிபெயர்ப்பு கண்ணில் படுகிறது, அப்படியே அசந்துபோகிறார். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அவரை அசத்திய அந்தக் கவிதை அரு மொழிபெயர்த்தது. நூல் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே இறந்துபோன அக்கா செய்தது. தோரு அதைத் தன்னுடையதோடு கலந்துவிடாமல், அக்காவின் கவிதைகள் எவை என்று அடையாளம் வைத்தே அச்சிட்டிருக்கிறாள். தங்கையின் பேர் உலகத்துக்குத் தெரிய அக்காவின் பாட்டு கதவைத் திறந்துவிட்டது. இதை நான் வகுப்பில் சொல்லி முடிக்கும்போது மணி அடித்துவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

பிரான்சிலும் நூலைக் கவனித்தார்கள். ஆந்த்ரே தெரியே என்ற எழுத்தாளர் அங்கே ஒரு பெரிய இதழில் மதிப்புரை எழுதினார். ஆனால் தோரு அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். 1875 கடைசியில் அப்பாவோடு சேர்ந்து சமஸ்கிருதம் கற்கத் தொடங்கியிருந்தாள். பண்டிதர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். உடம்பு ஒத்துழைக்காததால் ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. அந்தக் குறைந்த நாட்களிலேயே விஷ்ணு புராணத்திலிருந்து துருவன் கதையையும், அரச துறவியும் மானும் கதையையும் மொழிபெயர்த்துக் கல்கத்தா இதழ்களுக்குக் கொடுத்துவிட்டாள். கடிதங்களில் சமஸ்கிருத இலக்கணத்தின் கஷ்டத்தைச் சொல்லும் இடங்கள் என் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே இருக்கின்றன.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் தகராறு வருமாம். உடனே பந்தயம், வழக்கமாக ஒரு ரூபாய். அப்புறம் அகராதியைப் பிரிப்பார்கள். பத்துக்கு ஏழெட்டு முறை அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். தோற்றுவிட்டால் பளிச்சென்று ஒரு சிரிப்பு, மெலிந்த விரல்களால் அப்பாவின் நரைத்த கன்னத்தில் ஒரு தட்டு, பிறகு அவளுக்குப் பிடித்த ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் வரி ஒன்று: நீங்கள் வயதில் மூத்தவர், படித்தவர், அதோடு ஆண்பிள்ளை. மகள் போன பிறகு அப்பா எழுதிவைத்த குறிப்பு இது. இதைப் படித்த நாளிலிருந்து வகுப்பில் நானும் அகராதிப் பந்தயம் தொடங்கியிருக்கிறேன், பந்தயப் பொருள் கடலை மிட்டாய்.

இப்படி ஓர் அப்பா, இவ்வளவு பணம், வீடு நிறைய புத்தகம் எல்லாருக்கும் வாய்க்காது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் பணம் புத்தகத்தை வாங்கிக் கொடுக்கும், தினமும் உட்கார்ந்து எழுத வைக்காது. கடிதங்களில் தெரிவது அந்தத் தினசரி உழைப்புதான். காய்ச்சல் விட்ட மறுநாள் மறுபடி மொழிபெயர்ப்பு, இருமல் கொஞ்சம் தணிந்தால் மறுபடி நூல்கள்.

கிளாரிஸ் பாதேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பண்டைய இந்தியப் பெண்களைப் பற்றி எழுதிய நூலை ஆங்கிலத்தில் கொண்டுவர அனுமதி கேட்டு, 1877 தொடக்கத்தில் அவருக்கே தோரு கடிதம் எழுதினாள். அந்தக் கடிதப் போக்குவரத்தும் இந்த நூலில் இருக்கிறது. சீதையைப் பற்றிப் பேசும் இடத்தில், மாலை நேரத்தில் அம்மா நம் நாட்டுப் பழம்பாட்டுகளைப் பாடக் கேட்டால் எனக்கு அநேகமாக எப்போதும் அழுகை வந்துவிடும் என்கிறாள். அவளுடைய 'சீதா' கவிதையைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும். இருட்டு அறை, அம்மா பாடுகிறாள், மூன்று குழந்தைகள் கேட்டு அழுகின்றன, அந்தப் பிள்ளைகள் மறுபடி எப்போது அம்மா பக்கத்தில் கூடுவார்கள் என்று கவிதை முடிகிறது. மூன்று பேரில் மிச்சம் இருந்தவள்தான் அதை எழுதியவள்.

1877 நடுவோடு மேரிக்குக் கடிதங்கள் நின்றுவிடுகின்றன. ஆகஸ்ட் 30 அன்று தோரு போய்விட்டாள். அவள் உயிரோடு இருந்தபோது வெளிவந்த நூல் அந்தக் கதிர்க்கட்டு ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளுடைய தாள்களிலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்தவை. பியான்கா என்ற முடிக்காத ஆங்கில நாவல் 1878-ல் பெங்கால் மேகசினில் தொடராக வந்தது. முழுவதும் பிரெஞ்சிலேயே எழுதிய நாவல் 1879-ல் பாரிஸில் வெளியானது, கிளாரிஸ் பாதேரே முன்னுரை எழுதினார். சாவித்திரி, துருவன், பிரகலாதன், சீதை கவிதைகளும் நம் சவுக்கு மரமும் சேர்ந்த தொகுப்பு 1882-ல் லண்டனில் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர், முதல் நூலைக் குப்பைக்கூடைக்கு என்று நினைத்த அதே காஸ்.

சவுக்கு மரத்துக்குத் திரும்புகிறேன். இந்தக் கடிதங்களைப் படித்தபின் அந்தக் கவிதையை நடத்தும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் உவமை எங்கே, உருவகம் எங்கே என்று அடிக்கோடு போட வைப்பேன். இப்போது பாக்மாரி தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தோட்டத்தைப் பற்றி அவள் தனியே ஒரு கவிதை எழுதியிருக்கிறாள்: புளி, மா, பனை, மூங்கில், அப்புறம் குளத்தங்கரையில் இலவ மரத்தின் சிவப்பு, எக்காளம் ஊதினாற்போல் திடுக்கிட வைக்கும் சிவப்பு. அந்தத் தோட்டத்தில்தான் மூன்று பிள்ளைகளும் விளையாடினார்கள். சவுக்கு மரத்தின் இரைச்சல் கூழாங்கல் கரையில் அலை உடைவதுபோல் இருக்கிறது, கடல்தாண்டிய நாட்டிலும் எனக்கு அது கேட்டது என்கிறாள். மரத்தின் அழகுக்காக இல்லை, அதன் கீழே கூட விளையாடியவர்களுக்காகத்தான் அது எனக்குப் பிரியம் என்றும் சொல்கிறாள். யாரோடு விளையாடினாள் என்று தெரிந்தபின் படித்தால் அந்த வரியை வேகமாகத் தாண்ட முடியவில்லை.

கடைசி வகுப்பைத் தோப்பில் வைத்தேன். பள்ளிக்குப் பின்னால் வெட்டுக்குத் தயாராக நிற்கும் தோப்பு. மாலைக் கடற்காற்று வந்ததும் பேச வேண்டாம் என்று சொன்னேன். அந்த 'ஊ' என்ற ஓசை எழுந்தது. பிறந்ததிலிருந்து அந்த ஓசையோடு வாழும் பிள்ளைகள்தான், ஆனால் அன்றைக்கு உட்கார்ந்து கேட்டார்கள். கூடு கட்டாது என்று சொன்ன பையன், "அழுவுற மாதிரிதான் இருக்கு டீச்சர்" என்றான். தோருவும் அதை ஒப்பாரி மாதிரி என்றுதான் எழுதியிருக்கிறாள்.

யார் வாங்கலாம்? ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்கள், கல்லூரியில் இலக்கியம் படிப்பவர்கள், எழுதும் ஆசை உள்ள பிள்ளைகளின் பெற்றோர். ஆனால் இந்த மறுபதிப்பைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கணினியிலேயே படிக்கத் தயங்காதவர்கள் இலவச ஸ்கேனை இறக்கிக்கொள்ளலாம். கடிதப் பகுதியை மட்டும் இருபக்கமும் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டால் செலவும் குறையும், தாள் காணாமலும் போகாது. அவளுடைய கவிதையும் உரைநடையும் ஒரே நூலில் நல்ல அச்சில் வேண்டுபவர்களுக்கு, சந்தானி லொகுகே பதிப்பித்து 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. அதன் முன்னுரை ஹரிஹர் தாஸைவிடத் தெளிவு. பிரெஞ்சு நாவலை ஆங்கிலத்தில் படிக்க என். கமலாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது, பெங்குவின் 2005-ல் வெளியிட்டது. தமிழில் இந்தக் கடிதங்களை யாராவது முழுமையாகக் கொண்டுவந்தால் நான் பத்துப் பிரதி வாங்குவேன்.

புத்தகமாகக் கையில் பிடித்துத்தான் படிப்பேன் என்பவர்கள் இதை வாங்கலாம், ஆனால் வந்த அன்றைக்கே பக்க எண்களைச் சரிபாருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டே பார்சலைப் பிரியுங்கள். உள்ளடக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து. தயாரிப்புக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் பிரெஞ்சு எழுத்து கெடாததற்காக.

என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. ரஃப் நோட்டுப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். போன வாரம் நோட்டைக் கையால் மறைக்காமல் என் மேஜையில் வைத்தாள். சவுக்கு மரக் கவிதையின் முதல் பத்தியைத் தமிழில் போட்டுப் பார்த்திருக்கிறாள். 'மலைப்பாம்பு' என்று எழுதி அடித்து, 'சாரை' என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி மலைப்பாம்புக்கே வந்திருக்கிறாள். அந்த மந்திக்கு இன்னும் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை அகராதியோடு உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.